கோள்கள் ஏன் வட்டமாய்ச் சுற்றவில்லை?



எங்கள் கோயில் மண்டபத்தில் ஞாயிறு காலை சமய வகுப்பில் நான் பேசியதை இதழுக்கு எழுதித் தரும்படி கேட்டார்கள். பேசியது அப்படியே எழுத்தில் வரவில்லை. அன்றைக்குப் பிள்ளைகள் முன்னால் சொல்லாமல் விட்ட ஒன்றையும் இதில் சேர்த்திருக்கிறேன். அதை விட்டால் இது வெறும் அறிவியல் பாடமாகப் போய்விடும். அறிவியல் பாடம் நடத்த என்னைவிடத் தகுதியானவர்கள் நிறைய இருக்கிறார்கள்.

நான்காம் படிவம் படிக்கும் ஒரு தங்கச்சியின் கேள்வியில் தொடங்கியது இது. வகுப்பு முடிந்து பிள்ளைகளோடு நவக்கிரகத்தைச் சுற்றிக்கொண்டிருந்தேன். நான்காவது சுற்றோ ஐந்தாவது சுற்றோ, பக்கத்தில் வந்து கேட்டாள். "ஐயா, நாம வட்டமா சுத்துறோம். ஆனா கிரகம் எதுவும் வட்டமா சுத்தலன்னு ஃபிசிக்ஸ் பாடத்துல இருக்கு. நீள்வட்டமாம். சாமி படைச்சதுன்னா சரியான வட்டமா இருக்க வேணாமா? ஏன் கோணலா இருக்கு?"

"அடுத்த வாரம் சொல்றேம்மா" என்றேன். அந்தப் பதிலுக்கு என்ன அர்த்தம் என்று பிள்ளைகளுக்குத் தெரியாதா? எனக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். இடைநிலைப்பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் இருக்கிறார். மூன்று சாயங்காலம், மூன்று தே தாரேக். பில் காகிதத்தின் பின்பக்கத்தில் வரைந்து வரைந்து புரிய வைத்தார்.

அந்தத் தங்கச்சி கேட்டது புதுக் கேள்வி இல்லை. வானத்தில் இருப்பது குறையில்லாதது, குறையில்லாத உருவம் வட்டம், ஆகவே கோள்கள் வட்டமாகத்தான் போகும் என்று ஏறக்குறைய 2000 வருடம் பெரிய பெரிய அறிவாளிகளே நம்பிக்கொண்டிருந்தார்கள். சூரியனை நடுவில் வைத்த கோப்பர்னிக்கஸும் 1543-இல் வெளியிட்ட நூலில் வட்டங்களை விடவில்லை. வட்டம் கணக்கோடு ஒத்துவராதபோது, வட்டத்தின் மேல் இன்னொரு சின்ன வட்டம் போட்டுச் சமாளித்தார்கள். நம் ஆரியபட்டர் 499-இல் எழுதிய நூலிலும் அதே வட்டத்தின் மேல் வட்டம்தான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நீள்வட்டம் நம் முன்னோர்களுக்கு அப்போதே தெரியும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தயவுசெய்து அதை அனுப்பாதீர்கள். நம் முன்னோர்கள் நிஜமாகக் கவனித்து வைத்தது ஒன்று உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

வட்டத்தை விட்டது கெப்ளர் என்ற ஜெர்மானியர். பாதிரியார் ஆகத்தான் படித்தவர், கடவுள் பக்தி உள்ளவர், அவருக்கும் வட்டத்தின் மேல்தான் ஆசை. டைக்கோ பிராகே என்ற டேனிஷ்காரர் தொலைநோக்கி வருவதற்கு முன்பே வெறும் கண்ணால் கோள்களை அளந்து அளந்து குறித்து வைத்திருந்தார். 1601-இல் அவர் இறந்தபின் அந்தக் குறிப்புகள் கெப்ளர் கைக்கு வந்தன. செவ்வாயை எடுத்துக்கொண்டு வட்டத்தில் பொருத்திப் பார்த்தார். குறைந்தது 70 தடவை அந்தக் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட வேண்டியிருந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். கடைசியில் ஒரு வட்டம் கிட்டத்தட்டப் பொருந்தியது. தவறு 8 கலைதான். ஒரு பாகையில் 60 கலை. கையை நீட்டிச் சுண்டுவிரலை வானத்துக்கு நேரே பிடியுங்கள், அதன் அகலம் ஏறக்குறைய ஒரு பாகை. அதில் எட்டில் ஒரு பங்குதான் அந்தத் தவறு.

நீங்களும் நானுமாக இருந்தால் "ஆ, போதும்லா" என்று விட்டிருப்போம். கெப்ளர் விடவில்லை. டைக்கோவைப் போல இவ்வளவு கவனமாகப் பார்க்கிற ஒருவரைக் கடவுள் நமக்குக் கொடுத்திருக்கும்போது, அந்த எட்டுக் கலையை அலட்சியம் செய்வது கடவுளின் கொடையை அலட்சியம் செய்வதாகும் என்பது அவர் எண்ணம். தான் ஆசைப்பட்ட வட்டத்தைத் தூக்கிப் போட்டார். இன்னும் சில வருடம் முட்டை வடிவம் அது இது என்று தடுமாறி, நீள்வட்டத்துக்கு வந்து சேர்ந்தார். 1609-இல் புத்தகம் வந்தது. பக்தி என்றால் என்ன என்று இளைஞர்கள் கேட்கும்போது இனிமேல் இதையும் சொல்லலாம் என்று வைத்திருக்கிறேன். நாம் ஆசைப்படுகிற மாதிரி அவன் படைப்பு இல்லையென்றால், ஆசையைத்தான் மாற்றிக்கொள்ள வேண்டும்.

இதில் பாடநூல் படத்தைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். படத்தில் வாழைப்பழம் அளவுக்கு நீட்டிப் போட்டிருப்பார்கள். செவ்வாயின் பாதையை 10 செண்டிமீட்டர் நீளத்துக்குக் காகிதத்தில் வரைந்தால், நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள வித்தியாசம் அரை மில்லிமீட்டர்கூட வராது. பார்க்கிறவர்கள் வட்டம் என்றுதான் சொல்வார்கள். ஆனால் சூரியன் நடுவில் இருக்காது, ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் தள்ளி ஒரு பக்கமாக இருக்கும். வடிவத்தைவிட அந்தத் தள்ளல்தான் முக்கியம். வருடத்தில் ஒரு காலம் சூரியனுக்குக் கிட்டே, ஒரு காலம் எட்டே.

சரி, ஏன்? நண்பர் என்னிடம் கேட்டது இது. "கயித்துல கல்லைக் கட்டிச் சுத்தினா ஏன் வட்டமா வருது?" கயிறு நீளாது, அதனால்தான் என்றேன். "சூரியன் பூமியைக் கயித்துல கட்டியா வச்சிருக்கு?" இல்லை. அங்கே ஓர் இழுப்பு மட்டும்தான் இருக்கிறது. இந்தத் தூரத்தில்தான் நிற்கணும் என்று அது அளந்து வைப்பதில்லை.

பூமி சூரியனை நோக்கி ஒவ்வொரு கணமும் விழுந்துகொண்டே இருக்கிறது. பக்கவாட்டிலும் ஓடிக்கொண்டே இருப்பதால் விழுந்து முடிவதில்லை. நாம் இருக்கிற தூரத்தில், பூமி நொடிக்கு 29.8 கிலோமீட்டர் வேகத்தில், அதுவும் சூரியனுக்குச் சரியாகக் குறுக்கே ஓடினால் மட்டும்தான் வட்டம். வேகம் கொஞ்சம் கூடினால் என்ன ஆகும்? வெளியே போகும். போகப் போக, மேலே எறிந்த பந்து மாதிரி வேகம் குறையும். ஒரு கட்டத்தில் தூரம் போவது நின்று, இழுப்பு அதைத் திருப்பிவிடும். உள்ளே வர வர வேகம் ஏறும். ஏறிய அந்த வேகமே அதை மறுபடி வெளியே கொண்டுபோகும். இப்படியே போய்ப் போய் வருகிற பாதைதான் நீள்வட்டம். வேகம் கொஞ்சம் குறைந்தாலும் இதேதான், முதலில் உள்ளே வந்து பிறகு வெளியே போகும். சூரியனை விட்டு ஒரேயடியாகப் போக வேண்டுமென்றால் நொடிக்கு 42 கிலோமீட்டர் வேண்டும்.

இந்த இடத்தில்தான் நான் தே தாரேக்கை ஆறவிட்டேன். வட்டத்துக்கு இருப்பது ஒரே ஒரு வேகம், ஒரே ஒரு திசை. அதில் ஒரு மயிரிழை தவறினாலும் வட்டம் போய்விடும். ஆனால் வட்டம் தவறியதாலேயே சூரியனின் பிடி தவறிவிடுவதில்லை. அதற்குக் கீழேயும் மேலேயும் எத்தனையோ வேகங்கள், அத்தனைக்கும் ஒரு நீள்வட்டம் உண்டு. அத்தனையும் திரும்பி வரும்.

திரும்பி வருவதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தூரம் இரண்டு மடங்கானால் சூரியனின் இழுப்பு நான்கில் ஒரு பங்காகிறது. இந்தக் கணக்கில் குறைவதால்தான் கோள் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருகிறது. கணக்கு சற்று மாறியிருந்தால் பூவிதழ் வரைந்தது போல ஒவ்வொரு சுற்றும் தள்ளித் தள்ளி விழுந்திருக்கும். இந்த இழுப்பையும் கெப்ளரின் நீள்வட்டத்தையும் இணைத்து 1687-இல் நிறுவிக் காட்டியவர் நியூட்டன்.

இப்போது நம் வீட்டுக்கு வாருங்கள். சுவரில் மாட்டியிருக்கும் தமிழ் நாள்காட்டியை எடுத்து, தமிழ் மாதங்களுக்கு எத்தனை நாள் என்று எண்ணுங்கள். மார்கழிக்கு 29 நாள், சில வருடம் 30. ஆனிக்கு 31 அல்லது 32. நான் சின்னப் பிள்ளையில் இருந்து பார்க்கிற நாள்காட்டி, ஏன் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. தமிழ் மாதம் என்பது சூரியன் ஒரு ராசியைக் கடக்கிற காலம். ராசி எல்லாமே ஒரே அளவு, 30 பாகை. மார்கழியில் சூரியன் சீக்கிரம் கடக்கிறது, ஆனியில் மெதுவாகக் கடக்கிறது. நிஜத்தில் ஓடுவது பூமி. ஒவ்வொரு ஜனவரி முதல் வாரத்திலும், அதாவது மார்கழியில், பூமி சூரியனுக்கு மிகக் கிட்டே, சுமார் 14 கோடியே 71 லட்சம் கிலோமீட்டரில் இருக்கிறது. அப்போது வேகம் நொடிக்கு 30.3 கிலோமீட்டர். ஜூலை முதல் வாரத்தில், ஆனியில், 15 கோடியே 21 லட்சம் கிலோமீட்டர், வேகம் 29.3. நம் முன்னோர்கள் இதைக் கவனித்து, சூரியன் மிக மெதுவாகப் போகும் இடத்துக்கு மந்தோச்சம் என்று பெயர் வைத்து, பஞ்சாங்கக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். பாதையின் வடிவம் தெரியாது, ஆனால் நடையைக் கவனித்திருக்கிறார்கள். பெருமைப்பட வேண்டுமானால் இதற்குப் பெருமைப்படுங்கள். (கிட்டே இருந்தால் சுடாதா என்று கேட்காதீர்கள். வருடம் முழுக்க நமக்கு ஒரே வெயில்தான்! கோடையும் குளிரும் பூமி சாய்ந்திருப்பதால் வருவது.)

மிகக் கிட்டே இருக்கிற மார்கழியில் திருவாதிரை. மிகத் தூரத்தில் இருக்கிற ஆனியில் திருமஞ்சனம். நடராசப் பெருமானுக்கு இரண்டுமே பெரிய அபிடேகம். தூரத்தைப் பார்த்துத்தான் வைத்தார்கள் என்று நான் சொன்னால் அது பொய். தேவர்களுக்கு மார்கழி வைகறை, ஆனி சாயங்காலம் என்பதுதான் பெரியவர்கள் சொல்லும் காரணம். இருந்தாலும் இந்த ஆனியில் பாலபிடேகம் பார்த்துக்கொண்டு நின்றபோது, இன்றைக்குத்தான் ரொம்பத் தூரம் என்ற நினைப்பு வந்தது. தூரமாக இருக்கிற நாளிலும் அவனுக்கு முழு அபிடேகம்தான்.

தூரம் என்றதும் எனக்கு 1986 ஞாபகம் வரும். தோட்டத்தில் இருந்தோம். அப்பா பெரட்டுக்குப் போகிற இருட்டு நேரத்தில் என்னையும் எழுப்பிக் கூட்டிப்போய், ரப்பர் மரங்கள் முடிகிற இடத்தில் நிறுத்தி, கீழ்வானத்தைக் காட்டினார். ஹாலி வால்வெள்ளி. பத்திரிகையில் போட்டிருந்த மாதிரியெல்லாம் இல்லை, அழுக்குப் பஞ்சுத் துண்டு மாதிரி இருந்தது. "இவ்ளோதானா?" என்றேன். "76 வருஷம் கழிச்சு வருதுடா, மரியாதையாப் பாரு" என்றார். அதுவும் நீள்வட்டம்தான், மிக மிக நீண்டது. சூரியனுக்குக் கிட்டே வரும்போது நொடிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் பறந்து சில மாதத்தில் போய்விடும். நெப்டியூனுக்கும் அப்பால் போய், நொடிக்கு 1 கிலோமீட்டர்கூட இல்லாத வேகத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும். வாழ்நாளில் பெரும்பகுதி அங்கேதான். அங்கே அதைப் பார்க்கிறவனுக்குச் சூரியன் இதை விட்டுவிட்டது என்றுதான் தோன்றும். ஆனால் 2023 டிசம்பரில் அது கடைசித் தூரத்தைத் தொட்டுத் திரும்பிவிட்டது. இப்போது வந்துகொண்டிருக்கிறது, 2061-இல் சூரியனுக்குப் பக்கத்தில் வரும். நான் இருக்க மாட்டேன். நீங்கள் பாருங்கள், மரியாதையாப் பாருங்கள்.

இனி, வகுப்பில் சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன்.

ஏழு வருடத்துக்கு முன் எங்கள் வகுப்பில் ஒரு தம்பி இருந்தான். மூன்றாம் படிவம். தேவாரம் பாடினால் மண்டபத்தில் பேச்சு நிற்கும், அப்படிக் குரல். திருமுறை ஓதும் போட்டியில் இரண்டு முறை முதல் பரிசு. பிறகு வருவது குறைந்தது. மாதத்தில் இரண்டு ஞாயிறு, பிறகு ஒன்று. வந்தாலும் பாதி வகுப்பில் தூங்கினான். ஒரு நாள் எல்லோர் முன்னாலும் சொன்னேன்: "வந்தா ஒழுங்கா வா, இல்லன்னா வராத." வராமல் இருந்துவிட்டான். மூன்று வாரம் தொடர்ந்து வராவிட்டால் பெயரை எடுத்துவிடலாம் என்ற விதியை வகுப்பில் கொண்டுவந்தவனே நான்தான். சிவப்பு மையால் அவன் பெயரை அடித்தேன்.

இரண்டு வருடம் கழித்து அவன் அம்மா சொல்லித்தான் தெரியும். அப்பா படுத்த படுக்கையாகிவிட்டார். சனிக்கிழமை பாசார் மாலாமில் அம்மாவுக்கு ஒத்தாசையாகக் கடை போட்டு, எல்லாம் கட்டி வீடு சேர இரவு 2 மணி ஆகுமாம். நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். தோட்டத்துப் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது இல்லாவிட்டால் அன்றைக்கு வேலை கிடையாது. அதைப் பார்த்து வளர்ந்தவன் நான். கோயிலிலும் பெரட்டு நடத்தியிருக்கிறேன்.

அப்பர் சுவாமிகள் வரலாற்றை எத்தனை முறை அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன்! மருள்நீக்கியார் சைவத்தை விட்டுப் போய், சமணர்களுக்குத் தருமசேனர் என்ற ஆசிரியராகப் பல காலம் இருந்தவர். அக்கா திலகவதியார் திருவதிகைக் கோயிலை அலகிட்டு மெழுகிக்கொண்டு, தம்பிக்காக வேண்டிக்கொண்டே இருந்தார். சூலை நோய் தாங்காமல் தம்பி ஆள் அனுப்பியபோது, அந்த இடத்துக்கு நான் வர மாட்டேன் என்று உறுதியாகச் சொன்னவர்தான் அவர். ஆனால் தம்பி ராத்திரியில் தன் மடத்து வாசலில் வந்து விழுந்தபோது, இத்தனை நாள் எங்கே போனாய் என்று பெரியபுராணத்தில் அந்த அம்மா கேட்கவில்லை. திருநீறு கொடுத்தார், கோயிலுக்குக் கூட்டிப்போனார். அத்தனை தூரம் போய் வந்த அதே அப்பர்தான், பின்னாளில் மறைக்காட்டில், நாளும் கோளும் சரியில்லை, மதுரைக்குப் போக வேண்டாம் என்று குழந்தை ஞானசம்பந்தரைத் தடுத்தார். அதற்குப் பதிலாகச் சம்பந்தர் பாடியது கோளறு பதிகம். நவக்கிரகத்துக்கு முன்னால் இன்று நாம் ஓதுவது அதைத்தான்.

இறைவனின் ஐந்தொழிலில் நான்காவது மறைத்தல். அதுவும் அருள்தான் என்று சைவ சித்தாந்தம் சொல்கிறது. உயிர் பக்குவப்படும்வரை அவன் தன்னை மறைத்துக்கொள்கிறான், விட்டுவிடுவதில்லை. இதைப் பாடமாக 20 வருடம் நடத்தியிருக்கிறேன். நீள்வட்டத்தைப் பில் காகிதத்தில் பார்த்த அன்றைக்குத்தான் என் சிவப்பு மை உறைத்தது. ஆனால் ஒன்று, கோளுக்கும் மனிதனுக்கும் இந்த ஒப்புமை முழுதாகப் பொருந்தாது. கோள் வெட்கப்படாது. மனிதன் திரும்பி வருகிற நேரத்தில் வாசலில் யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பான்.

இந்தத் தைப்பூசத்தில் அந்தத் தம்பியைப் பார்த்தேன். இப்போது மோட்டார்சைக்கிளில் சாப்பாடு டெலிவரி செய்கிறான். கையில் ஹெல்மெட்டோடு கோயில் கேட்டுக்கு வெளியே நின்றான். தைப்பூசத்துக்கு மட்டும் தலைகாட்டுகிறவர்களைக் 'காவடிக் கிராக்கி' என்று கிண்டல் செய்கிறவன் நான். அன்று வாய் வரவில்லை. "உள்ள வாப்பா" என்றேன். "பரவால்ல ஐயா, பேரே எடுத்தாச்சே" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை.

இந்த வருடப் பதிவேட்டில் 11 பெயர்கள் மூன்று வாரத்தைத் தாண்டிவிட்டன. செயலவைக் கூட்டம் அடுத்த மாதம். விதியை எடுத்துவிடலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். எதிர்ப்பும் இருக்கிறது. "கட்டுப்பாடு போய்விடும், ஒழுங்காக வருகிற பிள்ளைகளுக்கு என்ன மதிப்பு?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். வருகிறவர்களுக்கு வழக்கம்போல வருகைப் பரிசு கொடுப்போம். வராதவர்களின் பெயரை அடிக்கும் முன் ஒருவர் அந்த வீட்டுக்குப் போய்வர வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்பது. நான் இதுவரை நான்கு வீட்டுக்குப் போயிருக்கிறேன். இரண்டு வீட்டில் டியூஷன், ஒரு வீட்டில் பிள்ளைக்கு ஆர்வம் இல்லை என்று நேராகவே சொன்னார்கள், இன்னொரு வீட்டில் ஏற்றி வர ஆள் இல்லை. அந்தக் கடைசி வீடு என் வீட்டிலிருந்து ஐந்து நிமிடம்.

வரும் ஞாயிறு வகுப்பில் நீள்வட்டம் வரையப் போகிறோம். கேள்வி கேட்ட தங்கச்சிதான் சொல்லிக்கொடுப்பாள். ஆளுக்கு ஓர் அட்டை, இரண்டு குண்டூசி, ஒரு முழம் நூல், பென்சில் கொண்டு வாருங்கள். இரண்டு ஊசியையும் தள்ளித் தள்ளிக் குத்தி, முடிச்சுப் போட்ட நூலை மாட்டி, பென்சிலால் நூலை இறுக்கிக்கொண்டே சுற்றினால் வந்துவிடும். ஒரு ஊசி இருக்கும் இடத்தில் சூரியனை வரையுங்கள். அந்தத் தம்பிக்கும் போன் செய்தேன். காலையில் டெலிவரி இருக்கிறதாம். "முடிஞ்சா 11 மணிக்கு மேல வர்றேன் ஐயா" என்றான். வகுப்பு 10:30க்கு முடிகிறது. அட்டைகளை 12 மணிவரை எடுத்து வைக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.